நாலு புள்ளி மூன்று

கர்னலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. அப்ஸானாவுக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கம்ப்யூட்டருக்குள்ளே எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, மேலே ஓடுகிற புரோகிராம்களுக்கெல்லாம் பதில் சொல்கிற இடம் அது. இந்த வயர் முனையில் எவ்வளவு சூடு என்று மேலிருந்து கேள்வி வரும். கர்னல் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்லபடியாக முடிந்தால் பூஜ்யம். முடியாவிட்டால் ஒரு மைனஸ் எண். அந்த எண்ணிலும் கறார் உண்டு. மைனஸ் ஐந்து என்றால் படிக்கப் போனேன், படிக்க முடியவில்லை. மைனஸ் பதினொன்று என்றால் இப்போது ஆகாது, கொஞ்சம் பொறுத்துக் கேள். மைனஸ் பத்தொன்பது என்றால் நீ கேட்கிற சாமானே இங்கே கிடையாது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொன்னால் போச்சு, மேலே இருப்பது இல்லாத சாமானுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள்தான் ஆன்லைனில் பாடம் எடுப்பாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கு கர்னல் எதுக்கு, அதுக்குத்தான் ஊர்ல ஆளுங்க இருக்காங்களே" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். அப்படிப் பேசியவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

கம்பெனி சென்னையில். அவள் இருப்பது செஞ்சியில், கொரோனாவுக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீட்டு மாடியறையில், மலைப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் துப்புகிற சூட்டில், ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிரைவர் எழுதுவாள். கர்னலுக்குள் ஒவ்வொரு கருவியோடும் பேசுகிற துண்டுக்கு டிரைவர் என்று பெயர். அவளுடைய அண்ணன் சல்மான் டாடா ஏஸ் வண்டி வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிறவன். "எங்க ஊட்டுல ரெண்டு டிரைவருங்க. நான் ஓட்டறேன், இவ எழுதறா. ரெண்டு பேருக்கும் இடுப்பு வலி ஒண்ணுதான்" என்று கடைவீதியெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

கம்பெனி செய்வது ஒரு சின்ன மீட்டர். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை ஃபிரிட்ஜுகளில் மாட்டுவார்கள். ஒரு வயர் ஃபிரிட்ஜுக்குள் போகும், வெளியே பச்சை எழுத்தில் எண் எரியும். உள்ளேயே பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் மீட்டர் போகாது. தடுப்பூசி மருந்தெல்லாம் இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தாண்டினால் மீட்டர் கத்தும். வயரையே படிக்க முடியாமல் போனாலும் கத்தும்.

கத்தியதுதான் வினை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடும்போது வயர் கொஞ்சம் அசைந்தால் போதும், நூற்றில் ஒரு தடவை படிக்க முடியாமல் போகும். உடனே ஊளை. கிளினிக்குகளிலிருந்து ஒரே புகார். ஒரு டாக்டர் மீட்டரைப் பிடுங்கிக் கொரியரில் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் கோதண்டராமன் போன் போட்டார்.

"அப்ஸானா, ஒரு தடவ படிக்க முடியலன்னா உலகமா அழிஞ்சுடும்? போன தடவ என்ன நம்பர் வந்துச்சோ அதையே குடுங்க. இன்னிக்கே முடிச்சிடுங்க, நாளைக்கு உங்களுக்கு லீவு வேற."

அன்றைக்குப் பக்ரீத்துக்கு முதல் நாள். கீழே அம்மா ரஹமத் மசாலா அரைத்துக்கொண்டே மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டாள். ஒன்றிரண்டு தடவைக்குப் பழைய எண்ணைக் கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் மைனஸ் ஐந்து என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு கணக்கு வைக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் கணக்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நான்கே வரி எழுதினாள். படிக்க முடியாவிட்டால் கடைசியாக வந்த எண்ணைக் கொடு, பூஜ்யம் என்று சொல். மேலே 'தற்காலிகம், பிறகு சரிசெய்ய வேண்டும்' என்று ஒரு குறிப்பு. அனுப்பிவிட்டு இறங்கி வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஊளை நின்றது. கோதண்டராமன் குரூப்பில் கைதட்டுகிற படம் போட்டார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அவளும் மறந்துபோனாள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை அதே கோதண்டராமன் ஒரு மீட்டரின் வரைபடத்தை அனுப்பினார். கீழே ஒரு பாராட்டு. 'நம்ம மீட்டரிலேயே பெஸ்ட் இதுதான். துளி ஏற்ற இறக்கம் இல்லை. உங்க ஊர் கிளினிக்! அடுத்த வாரம் டெமோவில் இதைத்தான் காட்டப் போறோம்.'

அவள் பார்த்தாள். ஜூலை இருபத்தொன்பதிலிருந்து ஐம்பத்தோரு நாள், நாலு புள்ளி மூன்று. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு. ஓடுகிற ஃபிரிட்ஜின் கோடு அப்படி இருக்காது. கதவு திறந்தால் ஏறும், மோட்டார் ஓடினால் இறங்கும், நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கோட்டுக்கு உயிர் இல்லை. வயர் எங்கோ அறுந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவளுடைய நான்கு வரிகள் அதே பழைய எண்ணை எடுத்துக் கொடுத்து, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஐம்பத்தோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அவளுக்குக் கம்பெனி ஞாபகம் வரவில்லை, டெமோ ஞாபகம் வரவில்லை. சல்மானின் கெண்டைக்கால்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி பஸ் ஸ்டாண்டு ஓரம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனை நாய் கடித்துவிட்டது. அவன் பாட்டுக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினான். இவள்தான் மறித்தாள். "அங்க கூட்டத்துல போயி எதுக்கு நிக்கற? திண்டிவனம் ரோட்டு கிளினிக்குக்கு வா. அங்க எங்க மீட்டர்தான் மாட்டியிருக்குது. மருந்து பக்குவமா இருக்கும், கண்ண மூடிக்கினு போட்டுக்கலாம்." கூடவே போய் அந்த மீட்டரைக் காட்டவும் செய்தாள். "பாத்தியா, நாலு புள்ளி மூணு." சல்மான் கடித்த காலை நொண்டிக்கொண்டே வந்து மீட்டரைத் தட்டிக்கொடுத்தான். அன்றைக்கே அது எட்டு நாள் பிணம்.

ஊசி போட்டதும் அம்மா நாற்பது நாள் பத்தியம் என்று சட்டம் போட்டாள். கறி கூடாது, மீன் கூடாது, கருவாட்டு வாசனையே கூடாது. நாய்க்கடிக்குச் செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டிலும் அதுதான் சட்டம், சாமி எதுவானாலும். சல்மான் பதினைந்தாம் நாளே ஒரு கல்யாணத்தில் இரண்டு தட்டு பிரியாணி தின்றுவிட்டு வந்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசி போட்டாச்சில்லம்மா, கறி தின்னா ஒண்ணும் ஆவாது" என்று அப்ஸானா அண்ணனுக்கு வக்காலத்து வாங்கினாள்.

லேப்டாப்பை மூடாமல்கூட ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் எஸ்தர் மட்டும் இருந்தார். தெரிந்தவர்தான், மீட்டர் மாட்டிய நாளில் டீ வாங்கிக் கொடுத்தவர். ஃபிரிட்ஜ் கதவின் கீல் பக்கம் வயர் நசுங்கி, தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெளியே பச்சை எழுத்தில் நாலு புள்ளி மூன்று எரிந்தது.

"இடையில கரண்ட் ஏதாவது போச்சா சிஸ்டர்?"

"எப்பவும் போறதுதான். ஆகஸ்ட் ரெண்டாந்தேதி டிரான்ஸ்பார்மர் வெடிச்சிச்சே, அப்பத்தான் ரெண்டு நாள் சுத்தமா இல்ல. மருந்தெல்லாம் தூக்கிப் போட்டுடலாமான்னு டாக்டர் கேட்டாரு. நான் உள்ள கைய வெச்சிப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்த மாதிரிதான் இருந்திச்சி. மீட்டரு நாலுன்னு காட்டிச்சி. என் கைய நம்பறதா, மிஷின நம்பறதா, நீயே சொல்லு. அதனால வெச்சிட்டோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்ஸானாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் அப்ஸானா, இன்னா ஆச்சி?"

அவள் சொன்னாள். எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாதா, மாதா என்று இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கோதண்டராமனுக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"மெயில்ல எதுவும் போடாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க. வக்கீல்கிட்ட கேக்கணும். ரெண்டு நாள் பொறுங்க, பாத்துக்கலாம்."

"சார், நாய்க்கடி ஊசி சார். பொறுக்கற விஷயம் இல்ல."

"அதான் சொல்றேன்ல, ரெண்டு நாள். புரோகிராமை மட்டும் சரி பண்ணி வைங்க. என்ன மாத்தினீங்கன்னு எழுதுற இடத்துல சில திருத்தங்கள்னு போட்டா போதும்."

அவள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போய் அண்ணனைக் கிளப்பி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கம்பெனியிலிருந்து சும்மா இன்னொரு கோர்ஸ் போடச் சொன்னார்கள் என்று அவனிடம் ஒரு பூசி மெழுகல். டாக்டரிடம் அது செல்லவில்லை. சின்ன வயசுப் பெண், கேள்வி கேட்டே தீருவேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"ஏற்கெனவே எல்லா டோஸும் போட்டிருக்காரே, திரும்ப எதுக்கு?"

"அந்த மருந்து சூடாகியிருக்கலாம் டாக்டர்."

"ஆயிருக்கலாமா, ஆயிடுச்சா?"

"தெரியல. தெரியாதுங்கறதுதான் டாக்டர் விஷயமே."

டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி எழுதினார். சல்மான் ஊசி போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான். சாவியைத் திருகவில்லை.

"உன் மீட்டருதானே?"

"ஆமாண்ணே."

"நான் செத்துடுவனா?"

"இல்லண்ணே. இப்ப போட்டாச்சில்ல. இனிமே ஒண்ணும் ஆவாது." அவள் அழுதுவிட்டாள். அவன் அழவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொள் என்று கைலி நுனியை நீட்டக்கூட இல்லை.

"வேற யாருக்கெல்லாம் அந்த ஊசிய போட்டாங்க?"

இந்தக் கேள்வியை எஸ்தரிடம் அவளல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்காமல் ஓடிவந்திருந்தாள். "கம்பெனியில ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்காங்கண்ணே."

"எனக்கு மட்டும் நீ பொறுக்கலியே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். வேலை போய்விடும் என்ற பயம், கோர்ட்டு கேஸு என்ற பயம், இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்ற பயம். அந்த இரண்டு நாளும் சல்மான் டம்ளரில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறாள் என்று தெரிந்து அவன் வேண்டுமென்றே மடக் மடக்கென்று குடித்தான். புரோகிராமைச் சரிசெய்தாள். நான்கு வரியை அழித்து, மூன்று தடவைக்கு மேல் படிக்க முடியாவிட்டால் மைனஸ் ஐந்து. பத்து நிமிட வேலை. பக்ரீத்துக்கு முதல் நாளும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பிறகு வெளியே ஓடிக்கொண்டிருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்களின் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்னும் எட்டு நேர்க்கோடுகள் இருந்தன. எட்டு இடங்களின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மெயில் போட்டாள். என்ன மாற்றினேன், எப்போது மாற்றினேன், எதை மறைத்தது, எந்த எட்டு இடம், எல்லாம். 'சில திருத்தங்கள்' என்று எங்கும் போடவில்லை. மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் கம்பெனி அவளை உள்ளே விடவில்லை. 'தற்காலிகக் கோளாறு, சற்றுப் பொறுத்து முயலவும்' என்று வந்தது. மைனஸ் பதினொன்று. வேலையை விட்டுத் தூக்கியதைக்கூட இவர்களால் சரியான எண்ணில் சொல்ல முடியவில்லையே என்று அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

எட்டு இடத்துக்கும் போன் செய்து சொன்னாள். சிலர் கேட்டார்கள், ஒருவர் திட்டினார், எல்லோரும் மீட்டரைக் கழற்றினார்கள். பிறகு எஸ்தரிடம் போனாள். அவர் ரெஜிஸ்டரைத் திறந்து, விரலை வைத்து வரிசையாகக் காட்டி, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பதினோரு பேர். சல்மான் ஒன்று. மற்றப் பத்துப் பேரில் ஒன்பது பேர் அன்றைக்கே கிடைத்தார்கள். போனில் கிடைக்காதவர்களை சல்மான் வண்டியோடு போய்ப் பிடித்தான். நாலு பேர் ஏசினார்கள், ஒரு அம்மா சாபம் விட்டாள், ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினோராவது ஆள் சிங்கவரம் கன்னியப்பன், வயசு முப்பத்தாறு, வலது கையில் கடி, ஆகஸ்ட் ஐந்து. போன் அணைந்து கிடந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வண்டியில் சிங்கவரம் போனார்கள். பெயரைச் சொன்னதும் டீக்கடைக்காரர் தெருவைக் கைகாட்டினார். வீட்டு வாசலில் இரண்டு பேர் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். நல்ல விசேஷ நாளில் இதைப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தயங்கிக்கொண்டே இறங்கினாள். அப்போதுதான் உள்ளே சுவரோரம் நாற்காலியில் வைத்திருந்த போட்டோவும் மாலையும் தெரிந்தன. நாளைக்குக் காரியம். பதினாறாம் நாள்.

சல்மான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கன்னியப்பனின் மனைவி பச்சையம்மா வீட்டுக்குப் பின்னால் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சமையலுக்கு இரவலாக வந்த அண்டாக்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து காய் நறுக்க, அவள் மட்டும் தனியாகப் பின்னால் இருந்தாள். கிளினிக்கிலிருந்து வருகிறீர்களா என்று அவளே கேட்டாள். அப்ஸானா தலையாட்டினாள்.

"ஊசியெல்லாம் நாள் தவறாம போட்டோம்மா. அதுல ஒண்ணும் கொற வெக்கல. நான்தான் கொற வெச்சிட்டேன்." சாம்பல் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நிதானமாகச் சொன்னாள், பல பேருக்குச் சொல்லிப் பழகிய மாதிரி. "பத்தியம் இருந்தாரு. பன்னண்டாம் நாளு, நாக்கு செத்துப்போச்சி பச்ச, ஒரே ஒரு துண்டு கருவாடு போட்டுக் கொழம்பு வெய்யேன்னாரு. கெஞ்சனாரு. வெச்சிட்டேன். ஒரு மாசம் தாண்டலம்மா. தண்ணியக் கண்டாலே தொண்ட இழுத்துக்கினு, காத்தடிச்சாலே கத்திக்கினு... மூணே நாளு."

அப்ஸானா அவள் எதிரே குந்தினாள்.

"புருசன கருவாட்டக் குடுத்துக் கொன்னவன்னு ஊரே சொல்லுது. நாளைக்குக் காரியம் முடிஞ்சா நான் மேல்மலையனூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடணும்னு அவரு அண்ணன் சொல்லிட்டாரு. பொண்ணு இங்கியே இருக்கட்டுமாம். ஆறு வயசு. இவ கையால சோறு தின்னா அதுவும் செத்துடும்னு சொல்றாங்க." அண்டாவை மறுபடி இழுத்துக்கொண்டாள். "சொல்றதுல இன்னா தப்பு? நான்தானே வெச்சேன் கொழம்பு?"

சும்மா போய்விடலாம். அந்த நினைப்பு வந்தது, மறைத்து என்ன பயன்? இங்கே யாருக்கும் மீட்டர் தெரியாது, வயர் தெரியாது. பழி ஏற்கெனவே ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினால் முடிந்தது கதை. செத்தவன் வரப்போவதில்லை. எல்லாம் சரி. பூஜ்யம்.

சல்மான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கருவாட்டால இல்லக்கா" என்றாள். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கரண்ட் போனது, மருந்து சூடாகியிருக்கக்கூடியது, அதைக் கண்டுபிடித்துக் கத்துவதற்கென்றே ஒரு மிஷின் அங்கே மாட்டியிருந்தது, அது கத்தாமல் இருக்கும்படி வைத்தது யார் என்பது. "அத எழுதனது நான்தான்க்கா. எங்க அண்ணனுக்கும் அந்த ஊசியத்தான் போட்டாங்க. இவரு பதினஞ்சாம் நாளு ரெண்டு தட்டு பிரியாணி தின்னாரு. பத்தியத்துல ஒண்ணும் இல்லக்கா. நீங்க எதுவும் பண்ணல."

பச்சையம்மா சல்மானை ஏற இறங்கப் பார்த்தாள். உயிரோடு நிற்கிற அவன் காலைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சாம்பல் கையாலேயே அப்ஸானாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் அப்ஸானா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பச்சையம்மா அவளை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் நடந்தாள், பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த மச்சாண்டார், கன்னியப்பனின் அண்ணன் விநாயகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவருகிட்ட சொல்லு. எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு."

காய் நறுக்கிய பெண்களின் கை நின்றது. அப்ஸானா சொன்னாள். விநாயகம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்த மனிதர், தாடி எடுக்காத முகம்.

"அப்ப ஊசி கெட்டதாலதான் எந்தம்பி செத்தான்னு எழுதித் தருவியா?"

ஆமாம் என்று சொல்லலாம். சொன்னால் பச்சையம்மாவுக்கு நல்லது, கேட்கிறவருக்கும் ஆறுதல். ஆனால் அதுவும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான்.

"ஊசி கெட்டுச்சா இல்லியான்னு இப்ப யாராலயும் அடிச்சி சொல்ல முடியாதுண்ணே. அதச் சொல்லத்தான் அந்த மீட்டரு. எனக்குத் தெரியலன்னு அது ஒரு வார்த்த கத்தியிருந்தா மருந்தத் தூக்கிப் போட்டிருப்பாங்க, உங்க தம்பிக்கு வேற மருந்து போட்டிருப்பாங்க. கத்த விடாம பண்ணது நான். இத எழுதித் தரேன். கருவாட்டுக்கும் அவரு செத்ததுக்கும் சம்பந்தம் இல்ல, இதையும் எழுதித் தரேன். எந்த ஆஸ்பத்திரியில வேணா கேளுங்க."

விநாயகம் கடப்பாரையைக் கீழே போட்டார். "படிச்சவதானே நீ? எப்படிம்மா மனசு வந்திச்சி?" என்றார். அதற்கு அவளிடம் எந்த எண்ணும் இல்லை. அம்மா கூப்பிட்டாள், வெங்காயம் உரிக்கப் போனேன் என்று எப்படிச் சொல்வது? அவர் கேட்டுவிட்டுப் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கேவ ஆரம்பித்தார். பச்சையம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பச்சையம்மா வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. அப்ஸானாவின் மணிக்கட்டில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்திருந்தன.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு சாதி சனம் எல்லாம் கூடும்" என்றாள். "எங்கம்மா ஊட்டு ஆளுங்களும் வருவாங்க. என் பொண்ணு அங்கதான் நிக்கும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி நடுவுல நின்னு சொல்லணும். வருவியா?"

"வரேன்க்கா."

"வந்து சொல்லிட்டுப் போயிடு. அதுக்கப்பறம் என் மூஞ்சில முழிக்காத."

அப்ஸானா சரி என்றாள். சல்மான் வண்டியைத் திருப்பினான்.